டிஸ்க் சேர்த்தும் இடம் வரவில்லையே!

பிரேசர் டவுனில் எங்கள் வீட்டு மாடியில் தங்கி இரவு வேலை பார்க்கும் தங்கை மகன், ஒரு நாள் பன்னிரண்டு மணிக்கு என்னை எழுப்பினான். "மாமா, புது டிஸ்க் சேர்த்தும் இடமில்லை என்கிறது. பழையதை ஃபார்மேட் பண்ணட்டுமா?" தூக்கக் கலக்கத்திலும் "கை வைக்காதேடா" என்றேன். பிறகு இருவருமாக உட்கார்ந்து பார்த்தோம். நம் பிள்ளைகள் பலருக்கும் இதே வேலை என்பதால் எழுதுகிறேன்.

மெயின்பிரேமுக்கான லினக்ஸை ஐ.பி.எம். 1999 டிசம்பரில் வெளியிட்டது. அங்கே டிஸ்கை சிலிண்டர் கணக்கில் அளப்பார்கள். 3390 மாடல் 3 என்றால் 3,339 சிலிண்டர். ஒவ்வொன்றிலும் 15 தடம். ஒரு தடத்தில் 56,664 பைட் கொள்ளும். ஆனால் லினக்ஸ் 4,096 பைட் துண்டுகளாக எழுதுவதால், இடைவெளிகள் போக 12 துண்டுதான் அடங்கும். ஆக, சுமார் 284 கோடி பைட் டிஸ்கில் கைக்கு வருவது 246 கோடி. இது பழுதல்ல.

இவன் சிக்கல் வேறு. புது டிஸ்கைத் தொகுதியில் சேர்த்து, லாஜிகல் வால்யூமையும் நீட்டியிருந்தான். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஃபைல் சிஸ்டத்தை நீட்டவில்லை. பிளாட்பாரத்தை நீட்டிவிட்டு நிறுத்தப் பலகையை நகர்த்தாவிட்டால், டிரைவர் பழைய இடத்தில்தானே நிறுத்துவார்! ரீசைஸ்2எஃப்எஸ் என்று ஒரே கட்டளை. எக்ஸ்ட்4 ஆதலால் மெஷினை நிறுத்தாமலே இடம் வந்துவிட்டது.

டாஸ்ட்எஃப்எம்டி கட்டளை புது டிஸ்குக்கு மட்டுமே உரியது. பழையதில் ஓட்டியிருந்தால் உள்ளிருந்த அத்தனையும் அழிந்திருக்கும். இடத்தைக் குறைப்பதானால் வரிசை தலைகீழ்: ஒரு பிரதி எடுத்து வைத்து, ஃபைல் சிஸ்டத்தை அன்மவுண்ட் செய்து சுருக்கிய பிறகே வால்யூமை வெட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் கடைசிப் பகுதியிலுள்ள டேட்டா போய்விடும்.