நஞ்சு எடுக்கும் கைகள்

கண்ணாடி விரியனைக் கண்டால் நீங்களும் நானும் ஓடுவோம். செங்கற்பட்டுப் பகுதியில் வாழும் இருளர் பழங்குடியினரோ அதைத் தேடிப் போகிறார்கள்! கையில் ஒரு கடப்பாரையும் துணிப்பையும்தான். மண்ணில் பதிந்த தடம், உரிந்து கிடக்கும் சட்டை, எலிவளையின் வாய் இவற்றைப் பார்த்தே உள்ளே இருப்பது எந்தப் பாம்பு என்று ஊகித்துவிடுவார்கள்.

முன்பு இவர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் அத்தொழில் நின்றது. 1978-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அது சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் சில வாரங்கள் மண்பானையில் வைத்திருந்து, நஞ்சு எடுத்தபின் வெளியில் விட்டுவிடுகிறார்கள்.

எப்படி எடுக்கிறார்கள்? கண்ணாடிக் கலத்தின் வாயில் இழுத்துக் கட்டிய மெல்லிய படலத்தைப் பாம்பு கடிக்கிறது; சில துளிகள் சொட்டுகின்றன. பிடித்திருப்பவரின் விரலுக்கும் நச்சுப்பல்லுக்கும் இடையே ஓர் அங்குலம் இருந்தால் அதிகம்! பிறகு நஞ்சை உறையவைத்து, அழுத்தத்தை வெகுவாகக் குறைத்தால், அதிலுள்ள பனிக்கட்டி நீராகாமலே ஆவியாகிவிடும். பாடத்தில் படித்த பதங்கமாதல்தான் இது. மிஞ்சுவது நஞ்சுத்தூள்.

அத்தூளைச் சிற்றளவில் கரைத்துக் குதிரைக்கு ஏற்றினால் அதன் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகும். நச்சுமுறிவு மருந்து அதிலிருந்தே கிடைக்கிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தோர் சுமார் 12 லட்சம் என்கிறது ஓர் ஆய்வு. இம்மருந்து காலத்தில் கிடைத்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் அவர்களில் எத்தனை பேரோ!

இருளர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாம்பு தீண்டினால் அவர்களுக்கும் இதே மருந்துதான்.