தாய்ப் பெட்டியும் குட்டிப் பெட்டிகளும்

வீட்டில் ஐந்து அறைகள். அறைக்கு ஒரு குதிர். கூடத்துக் குதிரில் கொட்டிய நெல்லைக் கூடத்திலேயே குத்தி, கூடத்திலேயே பொங்கிச் சாப்பிட வேண்டும். மாடிக்கு ஒரு மரக்கால் கொண்டுபோகலாம் என்றால் நடக்காது. இப்படிப்பட்ட வீட்டில் நீங்கள் ஒரு நாளாவது குடித்தனம் செய்வீர்களா? அமெரிக்காவில் லட்சக் கணக்கான குடும்பங்கள் சுமார் பத்து வருஷ காலம் செய்திருக்கின்றன. ஒரே வித்தியாசம், அவர்கள் குதிரில் இருந்தது நெல் அல்ல, டெலிவிஷன் நிகழ்ச்சிகள்.

கதையை ஆதியிலிருந்தே சொல்லிவிடுகிறேன். 1994-ல் டைரக்டிவி என்ற கம்பெனி, 18 அங்குல அகலமே உள்ள ஒரு தட்டை வீட்டுக் கூரையில் பொருத்தி, செயற்கைக் கோளிலிருந்து நேரே நிகழ்ச்சிகளை அனுப்பத் தொடங்கியது. அதற்கு முன்னால் இந்த வேலைக்குக் கொல்லைப்புறத்தையே அடைத்துக்கொள்ளும் ராட்சஸத் தட்டு வேண்டியிருந்தது. 1996-ல் டிஷ் நெட்வொர்க் போட்டிக்கு வந்து சேர்ந்தது. பிறகு 1999-ல் டிவோ, ரீப்ளே டிவி என்ற இரண்டு பதிவுப் பெட்டிகள் கடைக்கு வந்தன. அங்கேதான் ரஸமான கட்டம் ஆரம்பிக்கிறது.

இந்தப் பெட்டிகளில் நாடா கிடையாது. கம்ப்யூட்டரில் இருக்கும் அதே ஹார்ட் டிஸ்க்தான் உள்ளே. நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லிவைத்தால் போதும். வாராவாரம் தானே பதிந்து வைக்கும். இன்னொரு வித்தையும் உண்டு. நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பால் பொங்குகிறதா? ஒரு பொத்தானை அமுக்கி, கதாநாயகனை வாயைத் திறந்தபடியே நிறுத்திவிட்டுப் போகலாம். திரும்பி வந்ததும் விட்ட வசனத்திலிருந்து தொடங்குவான். நிலையத்தார் குறித்த நேரத்துக்கு வீட்டார் காத்திருந்த காலம் அத்தோடு தீர்ந்தது!

2000-ல் கூரைத் தட்டும் டிவோவும் ஒரே பெட்டிக்குள் குடியேறின. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தனிப் பெட்டி, படத்தை வாங்கி, தானே சுருக்கிப் பதியும். நகலுக்கு நகல் என்பதால் படம் சற்று மங்கும். செயற்கைக் கோள் வழியே வரும் படமோ, ஏற்கெனவே எண்களாகச் சுருக்கப்பட்டு வருகிறது. கூட்டுப் பெட்டி அதை வந்தது வந்தபடியே எழுதிக்கொண்டது. பதிவுக்கும் மூலத்துக்கும் இம்மியும் பேதமில்லை.

இவ்வளவு புத்தியுள்ள பெட்டிக்கு அடுத்த அறை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போனதுதான் வேடிக்கை. ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். குடும்பத் தலைவர் கால்பந்துப் பந்தயத்தைக் கீழே நிலவறைப் பெட்டியில் பதிந்திருக்கிறார். அங்கே பையன் தன் சிநேகிதர்களுடன் கும்மாளம் போடுகிறான். பாட்டியம்மாளின் தொடர்கதை கூடத்துப் பெட்டியில் இருக்கிறது. பாட்டிக்கோ முழங்கால் வலி, படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. பாதிப் படம் கூடத்தில் பார்த்த அம்மாளுக்குத் தூக்கம் வந்தால், மீதியைப் படுக்கையறையில் பார்க்க வழியில்லை. வீடு நிறையப் பெட்டி. ஆனால் வேண்டியது வேண்டிய இடத்தில் இல்லை. பெட்டிக்குப் பெட்டி மாத வாடகை வேறு!

கம்பித் தொல்லையையும் சொல்ல வேண்டும். கோளிலிருந்து வரும் அலைகள் இரண்டு கூட்டங்களாக வருகின்றன. ஒரு கம்பி, ஒரு சமயத்தில் ஒரு கூட்டத்தைத்தான் கீழே இறக்கும். ஆகவே, ஒரே நேரத்தில் இரண்டு நிகழ்ச்சிகளைப் பிடிக்க வேண்டுமானால் கூரையிலிருந்து இரண்டு கம்பிகள் வேண்டும். நாலு அறையில் நாலு இரட்டைப் பெட்டி வைத்தால் எட்டுக் கம்பி! புதுச் சுவரில் துளை போட எந்த வீட்டுக்காரிக்கு மனசு வரும்? பல அலைகளை ஒரே கம்பியில் அடுக்கி அனுப்பும் கருவி பிற்பாடு வந்த பிறகே இந்தச் சங்கடம் தீர்ந்தது.

2010-ல் டைரக்டிவி, வீட்டிலுள்ள பெட்டிகளை அதே கம்பி வழியாக ஒன்றோடொன்று பேச வைத்தது. கூடத்தில் பதிந்ததைப் படுக்கையறையில் பார்க்கலாம். பாதியில் நிறுத்தினால் மீதியை வேறு அறையில் தொடரலாம். 2012-ல் டிஷ் நெட்வொர்க் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. வீட்டுக்கு ஒரே ஒரு பெரிய பெட்டி, அதன் பெயர் ஹாப்பர், அதாவது தத்திப் பாய்வது. மற்ற அறைகளில் சிறு பெட்டிகள், அவற்றின் பெயர் ஜோயி. கங்காருக் குட்டியை ஆங்கிலத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். குட்டிகளுக்கு டிஸ்க் கிடையாது. எல்லாம் தாயின் மடியிலிருந்து வர வேண்டியதுதான். பெயர் வைத்த ஆசாமிக்கு ஒரு சபாஷ் போடலாம். அதே வருஷம் டைரக்டிவியும் ‘ஜீனி’ என்று பூதத்தின் பெயரில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, ஐந்து நிகழ்ச்சிகளை ஒரே சமயத்தில் பதியச் செய்தது.

தாய்க் கங்காருவோடு வீட்டுக்குள் ஒரு பெரிய வழக்கும் நுழைந்தது. ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி., பாக்ஸ் ஆகிய நான்கு பெரிய நிலையங்களின் மாலை நிகழ்ச்சிகள் அத்தனையையும் ஹாப்பர் தினந்தோறும் பதிந்து எட்டு நாள் வைத்திருந்தது. 2012 மே மாதம், அந்தப் பதிவுகளில் விளம்பரங்களைத் தானே தாண்டிப் போகும் வித்தையும் சேர்ந்தது. பெட்டியே விளம்பரத்தைக் கண்டுபிடிக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனியின் சிப்பந்திகள் இரவுதோறும் நிகழ்ச்சிகளைக் கண்ணால் பார்த்து, விளம்பரம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று குறித்து அனுப்பினார்கள். ஊரார் விளம்பரம் பார்க்காமல் இருக்க வேண்டுமென்பதற்காக இராத்திரியெல்லாம் விளம்பரத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்களை நினைத்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது.

விளம்பரம்தானே நிலையங்களுக்குச் சோறு? கோர்ட்டுக்கு ஓடினார்கள். 2013-ல், சி.பி.எஸ்.ஸுக்குச் சொந்தமான ஸீநெட் பத்திரிகை ஹாப்பரின் புது மாடலுக்கு லாஸ் வேகாஸ் பொருட்காட்சியின் முதல் பரிசைக் கொடுக்கத் தீர்மானித்தது. முதலாளி தடுத்துவிட்டார்! அந்தக் கோபத்தில் நிருபர் ஒருவர் ராஜிநாமா செய்தார். அதே வருஷம் ஜூலையில் அப்பீல் கோர்ட், பதிவு செய்பவர் வீட்டுக்காரரே தவிரக் கம்பெனி அல்ல என்ற வாதத்தை ஏற்று, பாக்ஸ் கேட்ட தற்காலிகத் தடையை மறுத்தது. பிறகு ஒவ்வொரு நிலையமாக ராஜிக்கு வந்தது. 2014-ல் ஏ.பி.சி.யோடு ஏற்பட்ட ஒப்பந்தப்படி, ஒளிபரப்பாகி மூன்று நாள் கழிந்த பிறகே விளம்பரத்தைத் தாண்டலாம்.

இந்த உரிமைக்கு அடிப்படை 1984-ல் ஸுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அளித்த தீர்ப்பு. ஸோனியின் பீட்டாமாக்ஸ் யந்திரத்தைப் பற்றிய வழக்கு அது. குழந்தைகள் நிகழ்ச்சிக்குப் பெயர்போன பிரெட் ராஜர்ஸ் அதில் சாட்சி சொல்லியிருந்தார். தம் நிகழ்ச்சியை வீடுகளில் பதிந்துகொள்வதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஏன் தெரியுமா? பெற்றோரும் பிள்ளைகளும் சௌகரியமான நேரத்தில் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாமே என்றுதான். சேர்ந்து பார்ப்பதற்காகக் கிடைத்த உரிமையை வைத்து, நாலு அறையில் நாலு பேர் தனித் தனியே பார்ப்பதற்கு யந்திரம் செய்தார்கள்! 2016-ல் வந்த மூன்றாவது ஹாப்பர் ஒரே சமயத்தில் பதினாறு நிகழ்ச்சிகளைப் பிடிக்கும். எந்த வீட்டில் பதினாறு பேர் பதினாறு விதமாகப் பார்க்கிறார்கள் என்று கேட்காதீர்கள். சண்டைக்கு இடமே வைக்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். ஆனால், எந்த நிகழ்ச்சி பார்ப்பது என்று சண்டை போடுவதற்காவது குடும்பம் ஓர் அறையில் கூட வேண்டியிருந்ததே என்று எனக்குத் தோன்றுகிறது.

அறைக்கு ஒரு குதிர் இருந்தபோது ஒன்று பழுதானால் மற்றவை பிழைத்திருந்தன. வீட்டுக்கு ஒன்றே என்றான பிறகு, தாய்ப் பெட்டியின் டிஸ்க் செத்தால் பாட்டியின் தொடர்கதை, பையனின் பந்தயம் எல்லாம் ஒரே நாளில் போகும். பெட்டியும் பெரும்பாலும் வாடகைப் பெட்டி. சந்தாவை நிறுத்தினால் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்; உள்ளே இருப்பதும் கூடவே போய்விடும். பதிவுகள் பூட்டுப் போட்டவை. ஆகையால் டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறு யந்திரத்தில் போட்டாலும் படம் வராது.

இப்போது குதிர் வீட்டை விட்டே வெளியேறிக்கொண்டிருக்கிறது. 2017-ல் தொடங்கிய யூடியூப் டிவிக்குக் கூரைத் தட்டும் வேண்டாம், டிஸ்க்கும் வேண்டாம். நிகழ்ச்சிகள் எங்கோ ஒரு கம்பெனிக் கட்டடத்தில் பதிவாகி, இன்டர்நெட் வழியே எந்த அறைக்கும் வருகின்றன. எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள், இடத்துக்குக் கணக்கே இல்லை என்கிறார்கள். ஆனால் ஒன்பது மாதம்தான். பிறகு, பாட்டியம்மாள் பார்த்து முடித்தாரா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. பதிவு தானே அழிந்துபோகிறது.