விருத்தாசலத்து வீடுகளில் மின்சிக்கனம்: முதலில் விசிறி, பிறகு கூரை

ஒரு மின்கருவியின் செலவை இரண்டு எண்கள் முடிவு செய்கின்றன: அதன் வாட், அது ஓடும் மணிக்கணக்கு. கடையில் முதல் எண்ணையாவது சிலர் கேட்கிறார்கள். இரண்டாவதை யாரும் நினைப்பதில்லை. கோடை வெக்கை நீண்டு நிற்கும் விருத்தாசலத்தில் கணக்கைப் பெருக்குவது அந்த இரண்டாவது எண்தான்.

மின்சாரத்தோடு இந்த ஊருக்கு நெருங்கிய உறவு உண்டு. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிந்து மின்சாரமாகிறது. ஊரின் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை, அகல்விளக்கோடு, மின்சாரத்தைக் கடத்தாமல் சூட்டைத் தாங்கும் பீங்கான் பியூஸ் கேரியர்களும் சூளையில் வேகின்றன.

விளக்கைப் பொறுத்தவரை விவாதம் முடிந்துவிட்டது. 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தருகிறது. பழைய சோக் வைத்த டியூப்லைட் சோக்கோடு சேர்த்து 50 வாட்டைத் தாண்டும். அந்த இடத்துக்கு 20 வாட் எல்.இ.டி. டியூப் போதும்.

பெரிய மிச்சம் இருப்பது மின்விசிறியில். சாதாரண விசிறி முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டைத் தாண்டும். பி.எல்.டி.சி. மோட்டார் விசிறி அதே காற்றைச் சுமார் 30 வாட்டில் தருவதால் 27 யூனிட்டோடு நின்றுவிடும். அதன் சுழலும் பகுதியில் நிலைக்காந்தம் இருக்கிறது. காந்தத்தை உண்டாக்கவே மின்சாரத்தைச் செலவிட்டுச் சூடாகும் இழப்பு அதில் இல்லை. மின்வெட்டில் இன்வெர்ட்டர் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும். 2023 ஜனவரி முதல் சீலிங் விசிறிகளுக்கு ஸ்டார் முத்திரை கட்டாயம்.

மூன்று விசிறி மாற்றினால் ஒரு பில்லில் சுமார் 120 யூனிட் குறையும். தமிழக மின்கட்டணத்தில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரைக்கான குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போகிறது. 550, 600 யூனிட்டில் நிற்கும் குடும்பங்கள் விசிறியை மாற்றியே எல்லைக்குள் வந்துவிடலாம்.

ஏ.சி. வாங்கும் முன் கூரையைப் பார்ப்பது நல்லது. மாடி வீட்டின் வெக்கையில் பெரும்பங்கு கான்கிரீட் தளத்தின் வழியே இறங்குகிறது. பகலில் குடித்த சூட்டைத் தளம் இரவெல்லாம் கக்குவதால்தான் விசிறியும் அனல் காற்றைத் தள்ளுகிறது. தளத்தின் மேல் வெள்ளை ஓடு பதித்தாலோ, வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தாலோ சூடு உள்ளே இறங்குவது வெகுவாகக் குறையும். தூசி படிந்தால் பலன் தேயும். அவ்வப்போது கழுவ வேண்டும். கூரையைக் குளிர்விக்காமல் வாங்கும் ஏ.சி. எத்தனை ஸ்டார் பெற்றிருந்தாலும் தேவைக்கு மேல் உழைக்கும்.

ஏ.சி. முத்திரையில் ஸ்டார்களைவிட அவற்றோடு அச்சிட்ட ஆண்டு யூனிட் அளவைப் படிப்பது பயனுள்ளது. அது 1,600 மணி நேரப் பயன்பாட்டுக்கான கணக்கு. ஒரே குளிரூட்டும் திறன் கொண்ட எந்த இரண்டு மாடலையும் நேராக ஒப்பிடலாம். முத்திரையின் ஆண்டையும் பார்க்க வேண்டும். தர அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால் பழைய 5 ஸ்டார் புதிய அளவில் கீழே இறங்கிவிடும். 2020 முதல் புதிய அறை ஏ.சி.கள் 24 டிகிரியிலேயே இயங்கத் தொடங்குகின்றன. அதைக் குறைக்காமல் விசிறியையும் சேர்த்து ஓட விடுவது சிக்கனம்.

சூடேற்றும் தேவை இங்கே வெந்நீரோடு முடிகிறது. 2,000 வாட் ஹீட்டர் அரைமணி ஓடினால் 1 யூனிட். தொட்டி வைத்த ஹீட்டருக்கான ஸ்டார், தேங்கிய நீரின் சூடு எவ்வளவு வீணாகிறது என்பதைக் காட்டும். குளிப்பதற்குச் சற்று முன் போட்டு உடனே அணைக்கும் வீட்டில் அந்த இழப்பு மிகக் குறைவு. ஆள் அதிகமுள்ள, மொட்டை மாடியில் நிழல் விழாத வீடுகளுக்குச் சூரிய வெந்நீர்க் கருவி பொருந்தும். மார்கழியில் மட்டும் வெந்நீர் தேடும் சிறு குடும்பத்துக்கு அந்த முதலீடு வேண்டாம்.