ஒரு டம்ளர் பேரியம்

"காலையில வெறும் வயித்தோட வாங்க. பல் விளக்கலாம், தண்ணியை முழுங்கிடாதீங்க." பேரியம் ஸ்வாலோ பரிசோதனைக்குப் பெயர் கொடுத்ததும் ஸ்கேன் சென்டரில் பெரும்பாலும் சொல்லி அனுப்புவது இவ்வளவுதான். ரத்தப் பரிசோதனைக்கும் இதையேதான் சொல்கிறார்கள் என்று, 'ஒரு வாய் காபிதானே' எனக் குடித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. இங்கே பட்டினியின் கணக்கே வேறு.

உணவுக்குழாய் ஏறக்குறைய 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். விழுங்காத நேரத்தில் சுருங்கி ஒட்டிக் கிடக்கும். அதுவும் சுற்றியுள்ள சதையும் எக்ஸ்ரேக்கு ஏறத்தாழ ஒன்றுதான். தனியாகப் பிரித்துக் காட்டாது. உட்சுவரில் மெல்லிய பூச்சு ஏறினால்தான் அதன் உருவம் புலப்படும். பேரியம் சல்பேட் தூளைக் கரைசல்போலக் கலக்கிக் குடிக்கத் தருவது அதற்காகத்தான். கார்பன் அணுவில் 6 எலெக்ட்ரான், ஆக்சிஜனில் 8, பேரியத்திலோ 56. எக்ஸ்ரேயை மறிக்க இந்தக் கூட்டம் போதும். ஆனால் அழுக்குச் சுவரில் சுண்ணாம்பு பிடிக்காதே! உள்ளே தங்கிய இட்லித் துணுக்கு, படத்தில் கட்டிபோலத் தோன்றி டாக்டரைக் குழப்பும். சிகரெட், சூயிங்கம் கூடாதென்பதும் இதனால்தான்: சுரக்கும் எச்சிலும் வயிற்று நீரும் பூச்சை நீர்க்க வைத்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், பேரியம் ஒரு விஷம். பேரியம் கார்பனேட் எலி மருந்தாகப் பயன்பட்ட பொருள். கரைந்த பேரியம், செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வழியை அடைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்து, இதயத் துடிப்பையும் குலைக்கும். சல்பேட் மட்டும் சாதுவாக இருப்பது அது கரைய மறுப்பதால். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று மில்லிகிராம் கரைந்தால் அதிகம். வயிற்று அமிலத்தாலும் அதை அசைக்க முடியாது. கார்பனேட்டோ, அமிலம் பட்ட மாத்திரத்தில் கரைந்து ரத்தத்தில் ஏறிவிடும். 2003-இல் பிரேசிலில், இந்த மருந்தில் கார்பனேட் கலந்துபோனதால் பரிசோதனைக்குப் போன பலர் உயிரிழந்தார்கள்.

இந்த இடத்துக்குப் பேரியம் பிந்தித்தான் வந்தது. 1896-இல், எக்ஸ்ரே கண்டுபிடித்து ஓராண்டு ஆகும்போது, ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த வால்டர் கேனன், வாத்துக்கு பிஸ்மத்தை விழுங்கக் கொடுத்து, அது நீண்ட கழுத்து வழியே இறங்குவதைப் பார்த்தார். பிஸ்மத் உப்பால் சிலருக்கு நஞ்சேறியது தெரிந்த பிறகு, 1910 வாக்கில் ஜெர்மானிய மருத்துவர்கள் பேரியம் சல்பேட்டுக்கு மாறினார்கள்.

பரிசோதனை அறைக்குள் போகும் முன் சங்கிலி, தாலி, தாயத்து, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். உலோகத்தின் நிழல் சரியாகப் பார்க்க வேண்டிய இடத்திலேயே விழும். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுவது முக்கியம். இன்சுலின் போடுகிறவர்கள், பட்டினி நாளில் எவ்வளவு போடுவது என்று முன்னாலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். குழாயில் ஓட்டை விழுந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் பேரியத்தைத் தொடவே மாட்டார்கள். கரையாத அதே குணம், நெஞ்சுக்கூட்டுக்குள் கசிந்தால் வினையாகிவிடும். பெரும்பாலும் தண்ணீரில் கரையும் அயோடின் மருந்தைக் கொடுப்பார்கள்.

உள்ளே போனதும் ஒரு கட்டளை வரும்: "வாயிலேயே வச்சிருங்க. இப்ப முழுங்குங்க. ஒரு தடவைதான், மறுபடி முழுங்காதீங்க!" மடமடவென்று குடித்து முடிக்கலாம் என்று நினைப்பவருக்கு இது சோதனைதான். ஆனால் காரணம் உண்டு. ஒரு மடக்கு விழுங்கினால், தசை அலை ஒன்று புறப்பட்டுப் பத்து விநாடிக்குள் இரைப்பை வாயிலை எட்டும். நடுவே இன்னொரு மடக்கு விழுங்கினால் முதல் அலை பாதியிலேயே அணைந்துவிடும்; நல்ல குழாயும் கோளாறாகத் தெரியும். படுக்க வைத்தும் குடிக்கச் சொல்வார்கள். நிற்கும்போது பூமியின் இழுவிசை பேரியத்தை இறக்கிவிடும், தசை சும்மா இருந்தாலும் தெரியாது. படுத்தால் தசைதான் தள்ள வேண்டும். கீழ்வாயில் திறக்க மறுக்கும் அகலேசியா நோயில், மேலே பேரியம் தேங்கி, அடியில் பறவையின் அலகுபோலக் கூர்ந்து நிற்பது திரையிலேயே தெரியும்.

முடிந்தவுடன் சாப்பிடலாம். இரண்டொரு நாள் மலம் வெள்ளையாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் நிறையக் குடிக்காவிட்டால்தான் தொல்லை: கரையாத பொருளல்லவா, குடலில் இறுகி மலச்சிக்கலாகிவிடும்.