12 கிலோமீட்டர், 325 மில்லியன் கன அடி

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே எழும் மலை இன்று ஒரே காப்பகத்தின் கீழ் வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது; தமிழ்நாட்டில் 5-ஆவது, இந்தியாவில் 51-ஆவது. மொத்தப் பரப்பு 1,016.57 சதுர கி.மீ. 1988-இல் அமைந்த சாம்பல்நிற அணில் சரணாலயத்தின் 485.2 ச.கி.மீ. இதில் 47.7 சதவீதம். நடந்து பார்க்க விரும்புகிறவர் போட வேண்டிய முதல் கழித்தல் வேறு: மையப்பகுதி 641.86 ச.கி.மீ., அதாவது 63.1 சதவீதம், புலிக்கு உரியது. மீதி 374.70 ச.கி.மீ. வெளிவட்டம். அங்கும் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது.

அனுமதி எவ்வளவு என்பதை இதே மலைத்தொடரின் சதுரகிரியில் நாள் கணக்காகவே பார்க்கலாம். அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷத்தை ஒட்டி மாதத்துக்கு 8 நாள் மட்டும் மலையேறலாம் என்பதே பல ஆண்டுகள் நடைமுறையாக இருந்தது. ஆண்டுக்கு 96 நாள், 365-இல் 26.3 சதவீதம். அடிவாரமான தாணிப்பாறை விருதுநகர் மாவட்டம், மேலே உள்ள சுந்தரமகாலிங்கம் கோயில் மதுரை மாவட்டம். பாதையின் நீளம் 7 கி.மீ. என்பாரும் உண்டு, 10 கி.மீ. என்பாரும் உண்டு. பெரிய கணக்கையே எடுத்து, ஏற 4 மணி நேரம் என்று வைத்தாலும் வேகம் மணிக்கு 2.5 கி.மீ.; சமதளத்தில் நடக்கும் 5 கி.மீ. வேகத்தில் சரிபாதி. கட்டுப்பாட்டைக் குறை சொல்லும்முன் 2015 மே மாதம் இதே மலையின் ஓடைகளில் வந்த திடீர் வெள்ளத்தையும் உயிரிழப்புகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மாநில அளவிலும் நடைக்கான கணக்கு விபத்துக்குப் பிறகுதான் ஒழுங்கானது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பிடித்த காட்டுத்தீ 23 உயிர்களைப் பலிகொண்டது. 6 ஆண்டு 7 மாதம் கழித்து, 2024 அக்டோபரில், அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. சராசரி, மாவட்டத்துக்கு 3-க்கும் குறைவு.

சைக்கிளுக்கு இந்தக் கழித்தல்கள் எதுவும் இல்லை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சாலை வழியாக ஏறக்குறைய 12 கி.மீ. நடந்தால் 2 மணி 24 நிமிடம். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் சைக்கிளில் 48 நிமிடம். மோட்டார் சைக்கிளில் 40 கி.மீ. வேகத்தில் 18 நிமிடம். ஒரு வழியில் சைக்கிள்காரர் இழப்பது 30 நிமிடம். போக வர 24 கி.மீ.; லிட்டருக்கு 50 கி.மீ., பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று கொண்டால் அவர் மிச்சம் பிடிப்பது 48 ரூபாய். பணமாகப் பார்த்தால் பெரிய லாபமில்லை. போக வர இழக்கும் அந்த ஒரு மணி நேரம் முழுக்க மலை ஒரு பக்கமாகவே கூட வரும் என்பதற்கு ரூபாய்க் கணக்கு கிடையாது.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் தென்மேற்கே இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று எதிரே வரும் திசையும் அதுவே. போகும்போது வேகம் 10 கி.மீ.-க்கு இறங்கினால் 72 நிமிடம். திரும்பும்போது காற்று தள்ளி 20 கி.மீ. ஆனால் 36 நிமிடம். கூட்டினால் 108, காற்றில்லாத நாளில் 96. எதிர்க்காற்று எடுத்துக்கொண்ட 24 நிமிடத்தில் பின்காற்று திருப்பித் தந்தது 12 மட்டும்.

வழிகாட்டப் பலகை தேவையில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் 11 நிலை, 192 அடி, அதாவது 58.5 மீட்டர். பூமியின் வளைவை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், தடையில்லாத சமவெளியில் இதன் உச்சி 27 கி.மீ. தொலைவிலிருந்தும் தெரிய வேண்டும். கட்டடங்களும் தென்னந்தோப்புகளும் இந்தக் கணக்கைக் குறைக்கின்றன. கோபுரத்தடியில் காத்திருக்கும் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 100 கிராமில் ஏறத்தாழ 400 கலோரி. 65 கிலோ எடையுள்ளவர் அதைக் கரைக்க 15 கி.மீ. மிதிக்க வேண்டும். 24 கி.மீ. மிதித்தவருக்கு 150 கிராம் வரை மன்னிப்பு உண்டு.

திருமங்கலம்–ராஜபாளையம் நான்குவழிச் சாலைத் திட்டத்தின் நீளம் 71.6 கி.மீ. அது முழுமையானதும் பழைய சாலையில் லாரிகள் குறையக்கூடும். அப்போது இந்த 12 கி.மீ. சைக்கிளுக்கு இன்னும் ஏற்றதாகலாம். அதுவரை விடியற்காலையே பாதுகாப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு வரை மேலும் 8 கி.மீ. போனால், ராஜபாளையத்துக்காரருக்குப் போக வர 40 கி.மீ., 2 மணி 40 நிமிடம்.

கயாக் எனும் துடுப்புப் படகுக்கு வந்தால் கணக்கு இறங்குமுகம். வத்திராயிருப்பை அடுத்த பிளவக்கல் பெரியாறு அணையின் உயரம் 47.56 அடி, கொள்ளளவு 192 மில்லியன் கன அடி. கோவிலாறு அணை 42.64 அடி, 133 மில்லியன் கன அடி. இரண்டும் சேர்ந்து 325. பாபநாசம் அணையின் 5,500-இல் இது 5.9 சதவீதம். கயாக் மிதக்க அரை மீட்டர் ஆழம்கூட வேண்டாம். ஆகவே ஆழம் சிக்கலே இல்லை; சிக்கல், அந்தத் தண்ணீர் பாசனத்துக்கு உரியது என்பதே. 325 மில்லியன் கன அடி என்பது 92 லட்சம் கன மீட்டர். ஒரு போகம் நெல்லுக்கு 1,200 மி.மீ. தண்ணீர் என்றால் ஏக்கருக்கு 4,856 கன மீட்டர். இரு அணைகளும் ஒருமுறை நிறைந்தால் சுமார் 1,900 ஏக்கர். மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 820 மி.மீ.; அதில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தின் 3 மாதங்களில் விழுகிறது. நிறையும் மாதங்கள் சில, திறந்துவிடும் மாதங்கள் பல. படகுக்காக மதகை மூடச் சொல்ல வத்திராயிருப்பில் யாரும் துணியமாட்டார்கள், துணியவும் கூடாது.

கயாக்தான் வேண்டும் என்பவர் ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டின் அலையாத்திக் காட்டுக்குப் போகலாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நேர்க்கோட்டிலேயே ஏறக்குறைய 145 கி.மீ.; போக வர குறைந்தது 290 கி.மீ., சைக்கிள் பயணத்தைப் போல் 12 மடங்கு. லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் காரில் பெட்ரோல் மட்டும் 1,950 ரூபாய். படகு வாடகை தனி.