வலுசர்ப்பமும் வாலிபரும்: டிராகன் புதினங்களைத் திருமறையின் ஒளியில் நோக்குதல்

நமது திருச்சபைகளின் இளைஞர், சிறப்பாக ஆங்கில வழியில் கல்வி கற்போர், விரும்பிப் படிக்கும் புதினங்களில் ஒரு வகை உண்டு. டிராகன் எனப்படும் பறக்கும் பெருநாகத்தோடு, பதினைந்து வயதளவான ஒரு சிறுவனோ சிறுமியோ பிரிக்கவியலாத நட்புக் கொள்வதே அவற்றின் கருப்பொருள். அவற்றுட் சில திரைப்படங்களாகவும் வெளிவந்து, நூல் வாசிக்கும் பழக்கமில்லாப் பிள்ளைகளையும் எட்டியுள்ளன.

இவற்றைக் குறித்து இருவகை எண்ணங்கள் எழக்கூடும். வலுசர்ப்பம் என்பது வெளிப்படுத்தின விசேஷம் 12-ஆம் அதிகாரத்தில் சாத்தானுக்கு வழங்கும் பெயராயிற்றே, அதனோடு நட்புக் கொள்ளும் கதை விசுவாசிகளின் இல்லத்தில் இருக்கலாமா என்பது ஒன்று. இது வெறும் பிள்ளை விளையாட்டு, இதற்கு இறையியல் எதற்கு என்பது மற்றொன்று. முதலாவது எண்ணம் திருமறையில் பாதியை மட்டுமே வாசிக்கிறது. இரண்டாவது எண்ணம் நம் பிள்ளைகளையே வாசிக்கத் தவறுகிறது. இவ்விரண்டையும் விடுத்து, இப்புதினங்கள் எழுப்பும் வினா யாது, அதற்குத் திருமறை தரும் விடை யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. புதினங்கள் கூறுவது

மேல்நாட்டுப் பழங்கதைகளில் டிராகன் கொல்லப்படவேண்டிய பகைப்பொருள். அதைக் கொன்ற வீரராகப் புனித ஜார்ஜ் போற்றப்பட்டார். சென்னையிலுள்ள கோட்டைக்கும் அவர் பெயரே இடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மாறிற்று. அமெரிக்காவில் பிறந்து அயர்லாந்தில் குடியேறிய ஆன் மெக்காஃப்ரி என்னும் பெண் எழுத்தாளர் 1968-இல் ‘டிராகன்ஃப்ளைட்’ என்னும் புதினத்தை வெளியிட்டார். அதில் முட்டையினின்று வெளிவரும் டிராகன் குஞ்சு, தன்னைச் சூழ்ந்து நிற்கும் இளையோருள் ஒருவரைத் தானே தெரிந்துகொள்ளும். அந்நொடி முதல் இருவர் மனமும் ஒன்றாகிவிடும். தன்மேல் ஏறிச்செல்பவர் இறந்தால் டிராகனும் உயிர் தரிப்பதில்லை.

அவரே 1976-இல் எழுதிய ‘டிராகன்சாங்’ நம் கடற்கரைச் சபைகளில் ஊழியம் செய்வோருக்கு மிகவும் நெருக்கமான கதை. மெனொலி என்பவள் ஒரு மீனவக் குடியிருப்பின் தலைவனுடைய மகள். அவளுக்கு இசையில் வரம் உண்டு. ஆயினும் பெண் பாடகியாவது குடிக்கு இழுக்கு எனத் தந்தை தடுக்கிறார், அடிக்கவும் செய்கிறார். மீன் அறுக்கையில் அவள் கையில் ஆழ்ந்த காயம் பட, இனி இசைக்கருவி மீட்டமுடியாது என்றே நம்பவைக்கப்படுகிறாள். வீட்டைவிட்டு வெளியேறிக் கடலோரக் குகையில் தங்கும் அவளை, டிராகன்களின் சிற்றினமான ஒன்பது நெருப்புப் பல்லிகள் தங்கள் துணையாக ஏற்றுக்கொள்கின்றன. அவள் பாட, அவையும் அவளோடு பாடுகின்றன.

அமெரிக்கரான கிறிஸ்டோபர் பாவோலினி தம் பதினைந்தாம் வயதில் எழுதத் தொடங்கிய ‘எராகன்’, 2002-இல் அவர் குடும்பத்தாராலும் 2003-இல் ஒரு பெரும் பதிப்பகத்தாராலும் வெளியிடப்பட்டது. உழவர் வீட்டில் வளரும் சிறுவன் காட்டில் கண்டெடுக்கும் நீலக்கல், உண்மையில் ஒரு டிராகனின் முட்டை. அதனின்று வெளிவருவது சஃபீரா என்னும் பெண் டிராகன். பிரிட்டானிய எழுத்தாளர் கிரெசிடா கவல் 2003-இல் தொடங்கிய நூல்வரிசையைத் தழுவி 2010-இல் வந்த திரைப்படத்தில், தன் இனத்தார் பகைவனாகக் கருதும் டிராகனை வீழ்த்திய ஹிக்கப் என்னும் சிறுவன் அதைக் கொல்ல மனமின்றி விடுவிக்கிறான். அதன் சிதைந்த வாலுக்குத் தானே ஒரு செயற்கைத் துடுப்புச் செய்துகொடுக்கிறான். கதையின் முடிவில் அவனும் ஒரு காலை இழக்கிறான். இங்கு நட்பு இரக்கத்தில் தொடங்கிக் காயத்தில் உறுதிப்படுகிறது.

2. நமது கடலும் அதன் பெருவிலங்கும்

இவையெல்லாம் மேல்நாட்டார் கற்பனை, நமக்கு அயலானவை எனக் கருதுதல் சரியன்று. கடலின் பெருவிலங்கோடு மனிதன் எவ்வகை உறவு கொள்ளக்கூடும் என்னும் வினா இராமநாதபுரக் கடற்கரைக்கு மிகப் பழையது. மன்னார் வளைகுடாவின் கரையிலுள்ள பெரியபட்டினத்தை எடுத்துக்கொள்வோம். இன்று சிற்றூராயிருக்கும் இது, பாண்டியர் காலத்தில் கடல்கடந்த வாணிகம் நடந்த துறைமுகம். 1980-களில் நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இவ்வூரை ஆராய்ந்தனர். சீனத்துச் சோங், யுவான் அரசமரபுகளின் காலத்தைச் சேர்ந்த பீங்கான் ஓடுகள் இம்மண்ணிற் கிடைத்துள்ளன. அப்பீங்கானை வனைந்த சீன மக்களுக்கு டிராகன் பகைப்பொருளன்று. அது மழை தருவது, நீர்நிலைகளை ஆள்வது, பேரரசரின் சின்னமாய் விளங்குவது. ஆகவே டிராகன் எங்கும் எப்போதும் தீமையின் உருவமே என்று கூற இடமில்லை.

இதனினும் நம் பொருளுக்கு அண்மையானது முத்துக்குளிப்பு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைக் கண்டு எழுதிய மார்க்கோ போலோ, மூழ்குவோரைப் பெருமீன்கள் தாக்காவண்ணம் மந்திரத்தால் அவற்றைக் கட்டுவோர் இருந்தனர் என்கிறார். எடுக்கப்படும் முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி. அக்கட்டு அன்றைய பகலுக்கு மட்டுமே உரியது, இரவில் அவர்களே அதை அவிழ்த்துவிடுவர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். பிற்காலத்தில் இவர்களுக்குக் ‘கடல்கட்டி’ என்று பெயர். இலங்கை அரசின் செயலராயிருந்த எமர்சன் டென்னன்ட் 1859-இல் வெளியிட்ட தம் நூலில், சுறாவைக் கட்டும் ஆற்றல் பரம்பரையாக வருவதென நம்பப்பட்டதையும், அக்காலத்தில் அக்குடும்பத்தின் தலைவர் ஒரு ரோமன் கத்தோலிக்கக் கிறிஸ்தவராயிருந்ததையும் பதிவு செய்துள்ளார்.

இச்செய்தியைக் கேட்டு நகைப்பது எளிது. ஆயினும் வெறும் மூச்சை நம்பிச் சுறா உலவும் நீரில் இறங்கியவனின் அச்சம் மெய்யானது. அவ்வச்சத்துக்குத் திருச்சபை தக்க விடை அளிக்காத இடத்தில், ஞானஸ்நானம் பெற்றவரும் கட்டுமந்திரத்தை விடாதிருந்தார். நாம் இங்குக் கருதவேண்டியது அவ்வுறவின் தன்மையே. கட்டுபவர் விலங்கை நேசிப்பதில்லை, விலங்கும் அவரை அறிவதில்லை. பகலிற் கட்டு, இரவில் அவிழ்ப்பு, இடையிற் கூலி.

ஆக, மூவகை உறவுகள் நம்முன் நிற்கின்றன. ஜார்ஜ் கொன்றார். கடல்கட்டி கட்டினார். புதினத்துச் சிறுவனும் சிறுமியுமோ கொல்லாமலும் கட்டாமலும் அதனோடு உடன்படிக்கை கொள்கின்றனர். ‘எராகன்’ ஆசிரியரும் இவ்வேறுபாட்டை அறிந்தே எழுதியுள்ளார். அக்கதையின் கொடுங்கோலனான கல்பட்டோரிக்ஸுக்கும் ஒரு டிராகன் உண்டு. அது தானே அவனைத் தெரிந்துகொண்டதன்று, களவாடப்பட்டுத் தீய மந்திரத்தால் கட்டப்பட்டது.

3. திருமறையின் இரு குரல்கள்

எபிரெய மொழியில் ‘தன்னீன்’ என்னும் சொல் கடலின் பெருவிலங்கைக் குறிக்கும். சங்கீதம் 74:13-இலும் ஏசாயா 27:1-இலும் நம் தமிழ் வேதாகமம் இதை வலுசர்ப்பம் என மொழிபெயர்த்துள்ளது. அங்குக் கடவுள் அதன் தலைகளை நொறுக்குகிறார், அதை வெட்டுகிறார். எசேக்கியேல் 29:3-இல் எகிப்தின் பார்வோனே அவ்வுருவில் நிற்கிறான். வெளிப்படுத்தின விசேஷம் 13-ஆம் அதிகாரத்தில் வலுசர்ப்பம் தன் சிங்காசனத்தை மிருகத்துக்குக் கொடுக்கிறது. இப்பகுதிகளில் வலுசர்ப்பம், தன்னைக் கடவுளாக்கிக்கொண்டு ஏழைகளை நசுக்கும் வல்லரசின் உருவம் என்பது கவனிக்கத்தக்கது.

ஆனால் அதே ‘தன்னீன்’ ஆதியாகமம் 1:21-இலும் வருகிறது. அங்குத் தமிழ் வேதாகமம் ‘மகா மச்சங்கள்’ என்கிறது. கடவுளே அவற்றைப் படைத்து, நல்லதென்று காண்கிறார். சங்கீதம் 148:7-இல் அதே விலங்குகள் கர்த்தரைத் துதிக்க அழைக்கப்படுகின்றன. அங்கும் தமிழில் மச்சம் என்றே இருப்பதால், துதிப்பதும் தண்டிக்கப்படுவதும் ஒரே பெயருடையவை என்பதைத் தமிழ் வாசகர் அறிய வழியில்லை. சங்கீதம் 104:26 லிவியாதான் கடலில் விளையாடுவதைக் கூறுகிறது. அதன் எபிரெய மூலத்தைக் கடவுள் அதனோடு விளையாடுகிறார் என வாசிக்கவும் இடமுண்டு. யூத மரபில் அவ்வாறு வாசித்தோரும் உளர்.

எனவே பெருவிலங்கு படைப்பின்படி நல்லது. கடவுளுக்கு எதிராய் எழும் வல்லமையைக் குறிக்கும்போதே அது தீயது. இவ்விரு குரல்களையும் கேளாமல், டிராகன் என்ற சொல்லைக் கண்டவுடன் நூலைப் பறித்தெறிவது நல்ல விளக்கவுரையாகாது.

4. யோபுக்கு விடுக்கப்பட்ட வினா

இப்புதினங்களின் மையத்தை நேராகத் தொடும் திருமறைப் பகுதி யோபு 41:4, 5 எனலாம். லிவியாதான் உன்னோடு உடன்படிக்கைக்கு வருமா, என்றும் உனக்கு ஊழியம் செய்யுமா, குருவியோடு விளையாடுவதைப்போல் அதனோடு விளையாடி உன் பெண்பிள்ளைகளுக்காக அதைக் கட்டிவைக்க உன்னால் ஆகுமா எனக் கடவுள் யோபை வினவுகிறார். ஆகாது என்பதே எதிர்பார்க்கப்படும் விடை. புதின ஆசிரியர்களோ, ஆகும், எங்கள் பெண்பிள்ளை அதனோடு விளையாடுகிறாள் என்கின்றனர். கடவுள் இயலாதெனக் காட்டியதை மனிதக் கற்பனை இயலுமெனக் கனவு காண்கிறது.

இக்கனவு அகந்தையா? முழுவதும் அவ்வாறு தள்ளுதல் கூடாது. ஏனெனில் திருமறையே அக்கனவை வாக்குத்தத்தமாகத் தருகிறது. ஏசாயா 11:6-8-இல் சிறுபிள்ளை சிங்கத்தை நடத்திச் செல்கிறது, பால்குடிக்கும் குழந்தை விஷப்பாம்பின் வளையருகே விளையாடுகிறது. ஆதியாகமம் 9:10-இல் நோவாவோடு செய்யப்படும் உடன்படிக்கை பேழையினின்று வந்த உயிர்கள் யாவற்றுக்கும் உரியது. ஓசியா 2:18-இல் கடவுள் தம் மக்களுக்காகக் காட்டுவிலங்குகளோடும் ஊர்வனவற்றோடும் உடன்படிக்கை செய்வதாகவும், வில்லையும் பட்டயத்தையும் முறித்துப்போடுவதாகவும் கூறுகிறார்.

புதினத்துக்கும் திருமறைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் விளங்குகிறது. புதினத்தில் அவ்வுடன்படிக்கை தெரிந்துகொள்ளப்பட்ட ஒருவரின் பேறு. திருமறையில் அது கடவுளின் செயல், எல்லா உயிர்களுக்கும் பொதுவான கொடை. புதினத்தில் அது பெரும்பாலும் போருக்குத் துணை. திருமறையில் அது போர்க்கருவிகளின் முடிவு. யோபால் செய்ய இயலாததைக் கடவுள் தாமே செய்து தருகிறார் என்பதே நம் நற்செய்தி.

5. இளைஞரின் ஏக்கமும் நம் பொறுப்பும்

மெனொலியின் கதையைப் படித்துக் கண்ணீர் விடும் பெண்பிள்ளை எதற்காக அழுகிறாள்? பல்லிக்காக அன்று. தன் வீட்டாரும் அறியாத வரத்தை அறிந்து, தன்னைத் தேர்ந்துகொள்ளும் ஒருவர் உண்டா என்று ஏங்குகிறாள். மதிப்பெண்ணாலும் சாதியாலும் நிறத்தாலும் அளக்கப்பட்டு ஒதுக்கப்படும் பிள்ளைகள் நம் சபைகளில் உளர். நான் உன்னைத் தெரிந்துகொண்டேன் என்னும் சொல்லை ஒரு டிராகனின் வாயிலிருந்தே அவர்கள் முதன்முதலாகக் கேட்பார்களாயின், அது நூலாசிரியரின் குற்றமன்று. ஞானஸ்நானத்தில் அவர்களுக்குச் சொல்லப்பட்ட அதே சொல்லைப் பின்னர் நாம் அவர்கள் செவியில் விழச் சொல்லவில்லை என்பதே அதன் பொருள்.

அதே வேளையில் இப்புதினங்களின் குறைவையும் காட்டவேண்டும். மெக்காஃப்ரியின் கதையில் டிராகன் தெரிந்துகொள்ளாத இளைஞர் ஏமாற்றத்தோடு திரும்புகின்றனர், அவர்களைக் கதை தொடர்வதில்லை. திருமறையிலோ தெரிந்துகொள்ளப்படுதல் மற்றவருக்கு ஊழியம் செய்யவே. உபாகமம் 7:7, 8 அதை மேன்மைக்குரிய சான்றாக அன்றி அன்பின் செயலாகவே காட்டுகிறது. மேலும், சொல்லின்றியே ஒருவர் மனத்தை மற்றவர் முழுதும் அறியும் நட்பு மனிதரிடையே இல்லை. நண்பரும் கணவன் மனைவியரும் சபையாரும் தவறாகப் புரிந்துகொண்டு, மன்னிப்புக் கேட்டு, மீண்டும் பேசியே அன்பைக் கற்கின்றனர். சி. எஸ். லூயிஸ் 1952-இல் வெளியிட்ட நார்னியா கதையொன்றில், பேராசை கொண்ட யூஸ்டஸ் என்னும் சிறுவன் தானே டிராகனாகிவிடுகிறான். அவன் தோலை அவனால் முற்றிலும் உரிக்க இயலவில்லை, அஸ்லான் என்னும் சிங்கமே அதை உரித்து அவனை நீரில் இடுகிறது. வெளியிலுள்ள டிராகனை நண்பனாக்குமுன், உள்ளிருக்கும் டிராகனுக்கு மனந்திரும்புதல் வேண்டும் என்னும் உண்மையை இக்கதை நினைவூட்டுகிறது.

ஆதலின் போதகர் இந்நூல்களைத் தடைசெய்யாமல் ஒன்றையேனும் தாமே வாசிப்பாராக. திடப்படுத்தல் வகுப்பிலும் வாலிபர் ஐக்கியத்திலும் மூன்று வினாக்களைக் கேட்கலாம். இக்கதையில் டிராகன் யாருக்கு ஊழியம் செய்கிறது, எளியோருக்கா அரசனுக்கா? அது தன் விருப்பத்தோடு வந்ததா, கட்டப்பட்டதா? தெரிந்துகொள்ளப்படாதவர் என்ன ஆனார்? இவ்வினாக்களுக்கு விடை தேடும் பிள்ளை, தான் அறியாமலே உடன்படிக்கையின் இறையியலைக் கற்றுவிடும்.

கடற்கரைச் சபைகளுக்கு இன்னும் ஒரு பணி உண்டு. பெரியபட்டினத்துக்கு எதிரேயுள்ள தீவுகளையும் சேர்த்து, இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அவற்றைச் சூழ்ந்த கடற்புல்லை மேய்ந்து வாழ்வது நம் மீனவர் ஆவுளியா என அழைக்கும் கடற்பசு. இறைச்சிக்காக நெடுங்காலம் வேட்டையாடப்பட்டு அருகிப்போன அதற்கென, 2022-இல் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்தது. வலையில் அகப்பட்ட ஆவுளியாவை அறுக்காமல் உயிரோடு கடலில் விடும் மீனவர், அதைக் கொல்லவுமில்லை, கட்டவுமில்லை, தமக்கு அடிமையாக்கவுமில்லை. அது தன் நீரில் விளையாடட்டும் என்று அதன் படைப்பாளரிடமே ஒப்புவிக்கிறார். டிராகன் கதையில் மனம் தோயும் இளைஞருக்கு, ஓசியா கண்ட உடன்படிக்கை நம் கடலிலேயே தொடங்கக்கூடியது என்பதை இச்செயலைக் கொண்டு கற்பிப்போமாக.