இன்ஜெக்டர் சத்தம்: மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை



நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனுக்கு வரும் மனுக்களில் மருத்துவம், படிப்பு, திருமணம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக வருவது வண்டிச் செலவு. கோயம்பேட்டிலிருந்து விடியுமுன் காய்கறி ஏற்றி வருபவர், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குச் சாமான் கொண்டுபோகிறவர், நாகல்கேணியில் தோல் சரக்கு எடுப்பவர் என்று, ஒரு பிக்கப் வண்டியை நம்பியே நம்மில் பல குடும்பங்கள் ஓடுகின்றன. மனுவோடு இணைத்த எஸ்டிமேட்டில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: ‘நான்கு இன்ஜெக்டரும் மாற்ற வேண்டும்.’ ஏன் என்று கேட்டால், “சத்தம் வருது பாய், மெக்கானிக் சொன்னார்” என்பார்கள்.

சத்தம் வருவது உண்மைதான். ஆனால் அது இன்ஜெக்டரிலிருந்துதான் வருகிறதா, நான்கிலும் வருகிறதா, ஒன்றில் மட்டுமா என்று பெரும்பாலும் யாரும் சோதித்திருப்பதில்லை. இந்தச் சோதனைகளில் பாதியை வண்டி ஓட்டுபவரே செய்துவிடலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிய வேண்டும். 2005இல் வந்த முதல் டாடா ஏஸ் இரண்டு சிலிண்டர் வண்டி; பழைய முறை பம்ப். 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் மூன்று சிலிண்டர், காமன் ரயில். பொலிரோ பிக்கப்பில் பழைய பம்ப் வண்டிகளும் உண்டு, காமன் ரயில் வண்டிகளும் உண்டு. பழைய முறையில் பம்ப் ஒவ்வொரு நாசிலுக்கும் தனித்தனியாக டீசலைத் தள்ளும். காமன் ரயிலில் ஒரே குழாயில் டீசலைப் பெரும் அழுத்தத்தில் சேர்த்து வைத்து, கம்ப்யூட்டர் சொல்லும் நொடியில் இன்ஜெக்டர் திறந்து மூடும். முதலில் துளியளவு, அடுத்து முழு அளவு என்று பிரித்து அடிப்பதால்தான் புது வண்டிகள் பழைய வண்டிகளைப் போலக் கடகடக்காமல் ஓடுகின்றன. அந்த முதல் துளி சரியாக விழாவிட்டால் பழைய ‘டக் டக்’ திரும்பி வந்துவிடும்.

பானெட்டைத் திறந்தால் மெல்லிய ‘டிக் டிக்’ கேட்பது இன்ஜெக்டர் திறந்து மூடும் ஓசை. அது இயல்பு. மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சற்று முரட்டுத்தனமாக அடித்து, இன்ஜின் சூடானதும் அடங்கினால் அதற்கும் பயப்பட வேண்டாம். சூடான பிறகும் அடிக்கிறது, பாரம் ஏற்றினால் அதிகமாகிறது, கூடவே புகை வருகிறது என்றால் கவனிக்க வேண்டும்.

அடுத்தது காசில்லாத சோதனை. போக்குவரத்து குறைந்த நேரத்தில் நேரான சாலையில் மூன்றாவது கியரில் 40 கி.மீ. வேகம் வரை போய், கிளட்சை மிதிக்காமல் ஆக்சிலேட்டரிலிருந்து மட்டும் காலை எடுங்கள். அப்போது இன்ஜினுக்கு டீசல் போவது நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். சத்தம் அந்தக் கணமே நின்றால் அது டீசல் எரிவதில் உள்ள கோளாறு, இன்ஜெக்டரைச் சந்தேகிக்கலாம். நிற்காமல் தொடர்ந்தால் டேப்பட், பேரிங், பிஸ்டன் பக்கம் பார்க்க வேண்டும். பேரிங் சத்தமும் பளு குறைந்தால் சற்றுத் தணியும், ஆனால் அடியோடு நிற்காது. டேப்பட் தளர்ந்த ஓசையை இன்ஜெக்டர் என்று நினைத்துவிடுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. அதைச் சரிசெய்யும் கூலி ஓர் இன்ஜெக்டர் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

‘சஃப் சஃப்’ என்று காற்று கசிவது போலக் கேட்டு, இன்ஜெக்டரின் அடியைச் சுற்றித் தார் போலக் கறுப்பாகப் படிந்திருந்தால், அடியில் உள்ள காப்பர் வாஷர் போய்விட்டது என்று பொருள். பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு சகோதரர் நான்கு இன்ஜெக்டருக்கு எஸ்டிமேட் கொண்டுவந்தார். வேறொரு கடையில் காட்டச் சொன்னோம். மூன்றாவது சிலிண்டரின் வாஷர்தான் கசிந்திருக்கிறது. இருந்த இடத்தைச் சுத்தம் செய்து புது வாஷர் போட்டார்கள். அன்று மாலையே வண்டி ஓடியது. கழற்றிய பழைய வாஷரையே திரும்பப் போடுபவர்களும் இருக்கிறார்கள். அதை அனுமதிக்காதீர்கள்.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்கப் பழைய மெக்கானிக்குகள் ஓடும் இன்ஜினில் குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். பழைய பம்ப் வண்டியில் அது நடந்தது. காமன் ரயில் வண்டியில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. ஸ்கூட்டர் டயரில் இருக்கும் அழுத்தம் சுமார் 2 பார். காமன் ரயில் குழாயில் வண்டி சும்மா நிற்கும்போதே அது நூற்றுக்கணக்கில் இருக்கும். பாரத்தில் பல இன்ஜின்களில் 1,600 பார் வரை போகும். அந்த வேகத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தினாற்போலத்தான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் விரலையே இழக்க நேரிடும். அப்படிப் பட்டுவிட்டால் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் உடனே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், ‘டீசல் உள்ளே ஏறிவிட்டது’ என்று சொல்ல வேண்டும். வண்டி வேலை பழகும் நம் பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லிவையுங்கள்.

சரியான வழி இரண்டு. ஸ்கேனர் போட்டால் எந்த சிலிண்டருக்குக் கம்ப்யூட்டர் டீசலைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கிறது என்று எண்ணில் காட்டும். மற்றது ரிட்டர்ன் சோதனை. ஒவ்வோர் இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனிப் பாட்டிலில் விட்டுச் சில நிமிடம் இன்ஜினை ஓட்டுவார்கள். மற்றவற்றைவிட ஒரு பாட்டில் மட்டும் வேகமாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது. நாலும் ஒரே அளவில், இயல்பான வரம்புக்குள் இருந்தால் தேய்மானம் என்று சொல்லி நாலையும் மாற்றுவதில் அர்த்தமில்லை. ஆனால் நாசில் சொட்டுவது இதில் தெரியாது. அதற்குக் கழற்றி டீசல் பம்ப் கடையில் மெஷினில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சொட்டும் இன்ஜெக்டரோடு ‘இந்த மாதம் ஓட்டிவிடலாம்’ என்று இருக்காதீர்கள். ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்து டீசல் வாடையும் அடித்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். சொட்டும் டீசல் பிஸ்டனில் ஓட்டை போட்டுவிடும். பிறகு இன்ஜின் வேலைக்கே கடன் கேட்க வேண்டியிருக்கும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு விஷயம். புதுப்பேட்டையில் பழைய இன்ஜெக்டர் மலிவாகக் கிடைக்கும். மெஷினில் சோதித்துக் காட்டாமல் வாங்க வேண்டாம். அடுத்து, பல காமன் ரயில் இன்ஜெக்டர்களின் தலையில் ஒரு குறியீடு பொறித்திருக்கும். அதை வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் புது இன்ஜெக்டரும் சத்தம் போடும். ‘பொருள் சரியில்லை’ என்று சண்டைதான் மிஞ்சும்.

இன்ஜெக்டரைக் கெடுப்பதில் முதலிடம் தண்ணீருக்கு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் நின்ற வண்டிகள் எப்படி மூழ்கின என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். டேங்க்கில் புகுந்த தண்ணீரை முழுவதும் இறக்காமல் ஸ்டார்ட் செய்தால் உள்ளே துரு பிடித்து, தலைமுடி அளவுத் துளைகள் கெடும். மழைக்காலத்தில் டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை அடிக்கடி இறக்கிவிடுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று கேனில் விற்கும் டீசலை வாங்காதீர்கள். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் அதில் வழவழப்பு குறைவு. பம்பும் இன்ஜெக்டரும் சேர்ந்து தேயும்.

இனி வண்டி வேலைக்குக் கடன் மனு தருபவர்கள் எஸ்டிமேட்டோடு ரிட்டர்ன் சோதனை அளவையோ, ஸ்கேனர் தாளையோ, பம்ப் கடையின் சோதனைச் சீட்டையோ ஏதேனும் ஒன்றை இணைத்துத் தரவும். சோதனைக் கூலிக்கே சிரமம் என்றால் தயங்காமல் அலுவலகத்தில் சொல்லுங்கள்; அதைக் கடன் தொகையிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.